இணையப் பாடமும் வகுப்பறை வினாவும்

கல்லூரி ஆசிரியர் தம் வகுப்பிற்கு இணையதளத்தை எவ்வாறு துணைகொள்ளலாம் என ஆராய்வோர்க்கு, 2001ஆம் ஆண்டு தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம் தக்க சான்றாகும். அயல்நாட்டுத் தமிழரை முன்னிட்டு எழுந்த அதன் பாடங்களைச் சுந்தரபாண்டியத்து மாணாக்கரும் கட்டணமின்றிக் கற்கலாம். பாடத்தைச் சிறு பகுதிகளாக வகுத்து, இடையிடையே ‘தன் மதிப்பீடு’ வினாக்களை அமைத்துள்ள முறை பாராட்டத்தக்கது.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் இயலாது. வினாவைத் தொடர்ந்து விடையும் உடனே கிடைப்பதால், சிந்திப்பதற்குரிய இடைவேளை மறைந்துவிடுகிறது. சென்னை ஐ.ஐ.டி. முதலியவற்றின் என்பிடெல் திட்டம், 2014 முதல் வாராந்தர ஒப்படைப்புகளையும் சான்றிதழ்த் தேர்வையும் சேர்த்து, இக்குறையை ஓரளவு நீக்கியது.

நம் இறையியல் ஆசிரியர்கள் இவ்விரண்டிலிருந்தும் கற்க வேண்டியது யாது? பாடத்திட்டம், வாசிப்புப் பகுதி, வினா ஆகியவற்றை முன்கூட்டியே தளத்தில் இடுக; விடையையோ வகுப்பறைக்கென ஒதுக்கி வைக்க. மாணாக்கரை வகுப்பிற்கு அழைக்க, விடை காணத் தூண்டும் வினாவைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை. நாளைச் சிற்றூர்ச் சபையில் துயருற்றோர் போதகரிடம் கேட்கும் கேள்விக்கு அருகில், விடை எழுதப்பட்டிராது அன்றோ?