பின்சக்கரத்தின் ஒழுங்கு

இங்கிலாந்தின் சைக்கிள் கழகங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கூட்டமாகச் சென்று திரும்பும் பயணத்துக்குக் ‘கிளப் ரன்’ என்று பெயர். 10 பேர் முதல் 20 பேர் வரை இருவர் இருவராக அணிசேர்ந்து, புறப்படும்முன் ஒப்புக்கொண்ட வேகத்தில் 80 அல்லது 100 கிலோமீட்டர் சுற்றி, வழியில் ஒரு தேநீர்க் கடையில் சற்று அமர்ந்து, பிற்பகலுக்குள் வீடு சேரும் இவ்வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பெரிய மாறுதலின்றித் தொடர்ந்துவருகிறது. இதில் வெற்றி தோல்வி இல்லை, பரிசு இல்லை, கைதட்டப் பார்வையாளரும் இல்லை. ஆகவே சைக்கிளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கடந்து பந்தயங்களுக்குப் போய்விடுகிறார்கள். நுணுகிப் பார்ப்பவர்க்கோ பந்தயத்தில் காணக்கிடைக்காத ஓர் அழகு இதில் உண்டு: இங்கே ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருபவருக்காக வண்டியோட்டுகிறார்கள். ஒருவரது தேர்ச்சியை அளக்க விரும்பும் ரசிகர் அவரது தோரணையையும் காலின் வலிமையையும் விட்டுவிட்டு, அவருடைய பின்சக்கரத்தின் மேல் கண்ணை வைக்க வேண்டும்.

இந்த ஒழுங்கு தொடக்கத்தில் ராணுவ அணிவகுப்பின் சாயலில் இருந்தது. இன்றும் இயங்கும் சைக்கிள் கழகங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படும் பிக்விக் கழகம், லண்டனின் ஹாக்னி பகுதியில் 1870ஆம் ஆண்டு ஜூன் மாதம், அம்மாதமே மறைந்த சார்லஸ் டிக்கன்ஸின் நினைவாகப் பெயர் சூட்டப்பெற்று உருவாயிற்று. அதன் உறுப்பினர்கள் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலின் பாத்திரப் பெயர்களைத் தாங்குவது இன்றளவும் மரபு. அடுத்து வந்த ஆண்டுகளில் பெருகிய கழகங்கள் சீருடை தைத்துக்கொண்டன. கேப்டன், துணைக் கேப்டன், பியூகிள் என்னும் ஊதுகொம்பு ஊதுபவர் எனப் பதவிகள் வகுத்தன. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனி ஊதல்கள் வைத்தன. இதில் பாதி பகட்டு என்றாலும் மீதிப் பாதிக்குக் காரணம் இருந்தது. அக்காலத்து உயரச் சக்கர வண்டியின் முன்சக்கரம் 1.5 மீட்டர் வரை உயரமிருக்கும்; பெடல் நேரே அச்சில் பொருத்தப்பட்டிருந்ததால் சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும்; சட்டென்று நிறுத்தினால் ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலாகத் தலைகுப்புறப் போய் விழுவார். அத்தகைய வண்டிகள் பத்திருபது நெருங்கிச் செல்கையில், சொல்லாமல் செய்யும் எந்தச் செயலும் பிறர் எலும்பை முறிக்கக்கூடியது. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் தாழ்ந்த சக்கர ரோவர் வண்டியும், 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்த பிறகு உயரச் சக்கரம் வழக்கொழிந்தது, ஊதுகொம்பும் ஓய்ந்தது. முன்னறிவிப்பின்றி எதையும் செய்யலாகாது என்ற விதி மட்டும் தங்கிவிட்டது.

அதற்குப் பின் வந்த வரலாற்றில் ஒரு விநோதம் இருக்கிறது. 1890களில், காவல்துறையின் கெடுபிடிக்கு அஞ்சிய தேசிய சைக்கிளோட்டிகள் சங்கம், பொதுச் சாலையில் பலர் ஒன்றாகப் பாய்ந்து செல்லும் பந்தயங்களைத் தானே விலக்கிவைத்தது. அந்த இடைவெளியில் எஃப். டி. பிட்லேக் என்பவர் வகுத்த முறைதான் 1895 முதல் வளர்ந்த தனிநேர ஓட்டம்: ஒருவர்பின் ஒருவராகக் குறிப்பிட்ட இடைவெளியில் புறப்பட்டு, யாருடைய துணையும் மறைவும் இன்றி, கடிகாரத்தை மட்டும் எதிர்த்து ஓட்டுதல். ஓட்டுபவர்கள் கண்ணில் படாதபடி கறுப்பு உடை அணிந்து விடியலில் புறப்பட்டார்கள். பாதைகளுக்குச் சங்கேத எண்கள் இடப்பட்டன. 1942ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் பெர்சி ஸ்டாலர்ட் லாங்கோலனிலிருந்து உல்வர்ஹாம்ப்டன் வரை கூட்டப் பந்தயம் ஒன்றை நடத்தித் தடையை உடைக்கும்வரை இந்நிலை நீடித்தது. இதன் விளைவாக ஏறத்தாழ அரைநூற்றாண்டுக் காலம் ஆங்கிலேயச் சாலைப் பந்தய வீரருக்குப் பிறர் சக்கரத்தை ஒட்டி ஓட்டுவது குற்றம்; அந்தக் கலையைப் பேணி, கற்பித்து, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்தான். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் போட்டியின் ஆயுதமாக வளர்ந்த ஒரு திறன் இங்கிலாந்தில் நல்லொழுக்கமாக வளர்ந்ததற்கு இந்தத் தடையே பெரிதும் காரணம் என்று கருத இடமுண்டு.

திறனின் அடிப்படை காற்று. சமதளச் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டபின், ஓட்டுபவரது உழைப்பின் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே செலவாகிறது; வேகம் இரண்டு மடங்கானால் காற்றுக்கு மட்டும் தர வேண்டிய ஆற்றல் எட்டு மடங்காகும். ஒருவர் காற்றைப் பிளந்து செல்ல, அவருக்குப் பின்னே அழுத்தம் குறைந்த ஓர் ஒதுக்கிடம் உருவாகிறது. அதில் நுழைந்துகொள்பவர் அதே வேகத்தில் செல்வதற்குத் தம் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம் பிடிக்கலாம். பெல்ஜியப் பொறியாளர் பெர்ட் பிளாக்கன் தலைமையில் 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 121 பேர் கொண்ட நெருக்கமான பந்தயக் கூட்டத்தின் உட்பகுதியில் இருப்பவர் மீது விழும் காற்றுத்தடை, தனியே ஓட்டுபவருக்கு நேர்வதில் 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே என்று கணித்தது. பின்னால் ஒருவர் ஒட்டி வந்தால் முன்னவருக்கும் சிறிது நன்மை உண்டு என்பது பலர் அறியாத செய்தி. ஆனால் இந்தச் சலுகையைப் பெற, முன்னவரின் பின்சக்கரத்துக்கும் தம் முன்சக்கரத்துக்கும் இடையே அரைமீட்டருக்கும் குறைந்த இடைவெளியை மணிக்கணக்கில் காக்க வேண்டும். கலை தொடங்குவது அந்த அரைமீட்டரில்.

சக்கரத்தோடு சக்கரம் உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் வருபவரே. முன்சக்கரத்தைத் திருப்பித்தான் சைக்கிளில் சமநிலை காக்கிறோம், அது தடுக்கப்பட்ட கணத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. இதனால்தான் முன்னவரின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் தம் சக்கரத்தை நீட்டி வைத்துக்கொள்வது கடுமையாகக் கண்டிக்கப்படுகிறது. புதிதாகச் சேர்ந்தவர் முன்னிருக்கும் டயரையே உற்றுப் பார்ப்பார். பழகியவரின் பார்வை முன்னவரின் தோளைத் தாண்டி, நாலைந்து பேருக்கு அப்பால், சாலையில் இருக்கும், இடைவெளியைக் கடைக்கண்ணாலேயே அளந்துகொள்வார். இடைவெளி குறையும்போது பிரேக்கைத் தொடாமல், ஒன்றிரண்டு சுற்றுகள் பெடலை அழுத்தமின்றிச் சுழற்றியோ, உடம்பைச் சற்று நிமிர்த்திக் காற்றை வாங்கிக்கொண்டோ வேகத்தைக் கரைப்பார். முன்னால் ஒருவர் பிரேக்கைப் பிடித்தால் அதன் அதிர்வு பின்னால் போகப் போகப் பெருகும். முதல்வருக்கு மெல்லிய தயக்கமாக இருந்தது பத்தாமவருக்கு அவசர நிறுத்தமாகிவிடும்.

இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதிக்கும் தருணம் நல்ல உரைகல். எழும் நொடியில் மிதியின் அழுத்தம் குறைவதால் வண்டி உடலுக்குக் கீழே சற்றே பின்வாங்குகிறது. எழுந்தவர் அதை உணர்வதே இல்லை, பின்னால் வருபவரின் சக்கரத்துக்கோ அது நேராகத் தன்மேல் வந்து மோதும் பொருள். தேர்ந்தவர் எழும்போதே பெடலை ஓர் அழுத்து கூடுதலாக அழுத்தி அந்தப் பின்னிழுப்பை ஈடுகட்டுகிறார். சாலையோரம் நின்று பார்ப்பவர்க்கு அங்கே ஒன்றும் நடந்ததாகவே தெரியாது. நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரைப் போல, பிசகினால் மட்டுமே புலப்படும் தேர்ச்சி இது. இத்தகைய தேர்ச்சிக்குப் புகழ் சேர்வதில்லை என்பதனாலேயே அதைத் தேடிப் பயில்வோர்மீது தனி மதிப்பு உண்டாகிறது.

பக்கத்தில் ஓட்டுபவரிடம் காட்ட வேண்டிய நயமும் உண்டு. இணையாகச் செல்லும் இருவரில் ஒருவர் எப்போதும் அரைச் சக்கரம் முன்னே நிற்பார். மற்றவர் சமன்செய்ய வேகம் கூட்டினால் இவர் இன்னும் அரைச் சக்கரம் முன்னேறுவார். இருவரும் வாய்திறந்து ஒரு சொல் சொல்லாமலே மொத்தக் கூட்டமும் மூச்சுவாங்கத் தொடங்கும். ‘ஹாஃப் வீலிங்’ எனப்படும் இக்குற்றத்தைக் கழகத்து மூத்தவர்கள் பஞ்சரைவிடக் கேவலமாக மதிக்கிறார்கள், அது நியாயமும்கூட. வேகமின்மையை மன்னிக்கலாம், பக்கத்திலிருப்பவரின் அளவை மதிக்காத வேகத்தை மன்னிப்பது கடினம். மழைக்கால மட்கார்டும் இந்த நயத்தின் இனமே. குளிர்காலப் பயணங்களில் பின்சக்கர மட்கார்டுக்குக் கீழே, தரையைத் தொடுமளவு நீளமான ஒரு மடிப்பைக் கட்டித் தொங்கவிடுவது பல ஆங்கிலேயக் கழகங்களில் எதிர்பார்க்கப்படுவது. ஓட்டுபவரின் முதுகு நனையாமலிருக்க மட்கார்டே போதும்; அந்த மடிப்பு முழுக்க முழுக்கப் பின்னவரின் முகத்துக்கானது.

வேகக்குழுக்கள் பயிலும் சுழல்முறையில் இந்த ஒழுக்கம் இன்னும் நுட்பமாகிறது. ‘த்ரூ அண்ட் ஆஃப்’ எனும் அம்முறையில் இரண்டு வரிசைகள் அருகருகே செல்லும். ஒன்று சற்று விரைந்து முன்னேற, மற்றொன்று சற்றே தளர்ந்து பின்னேறும். முன்னேறும் வரிசையின் தலைவர் காற்றை ஒருசில நொடிகள் ஏற்றுவிட்டு அடுத்த வரிசையின் முகப்பில் போய் ஒதுங்குவார். வால்முனையில் இருப்பவர் மீண்டும் விரையும் வரிசைக்கு மாறுவார். முன்முனைக்கு வந்ததும் தம் பலத்தைக் காட்டத் துடித்து வேகம் கூட்டுவது தொடக்கநிலைப் பிழை. அப்படிக் கூட்டினால் பின்னால் பிளவு விழும், அப்போதுதான் தம் முறையை முடித்து ஒதுங்கியவர் வரிசையில் ஒட்டிக்கொள்ள முடியாமல் தவிப்பார். சரியான வழி, முன்முனையில் வேகத்தை மாற்றாமல் கடந்து, ஒதுங்கிய பிறகு மட்டும் ஒரு துளி தளர்வது. வலிமை குன்றியவர் முன்முனையில் நில்லாமல் உடனே ஒதுங்கலாம், அதில் இழுக்கில்லை. நிற்க முடியாதவர் நின்று வேகத்தைக் குலைப்பதே இழுக்கு. சுழல் நன்றாக அமைந்துவிட்ட பத்து நிமிடங்களில் செயின்களின் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. யாரும் யாரையும் ஏவுவதில்லை.

காற்று பக்கவாட்டில் வீசத் தொடங்கியதும் இந்தக் கணக்கு மாறுகிறது. அப்போது ஒதுக்கிடம் நேர்பின்னால் இல்லாமல் சாய்வாக, காற்று போகும் பக்கம் விலகி நிற்பதால், ஓட்டுபவர்கள் சாலையின் குறுக்கே சாய்கோடாக விரிகிறார்கள். கடற்கரைக் காற்று வலுத்த பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் இது முதிர்ந்த கலை. வார இறுதிகளில் விடியுமுன் சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் குழுக்களுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை இதே பாடத்தை வைத்திருக்கிறது. அச்சாலை வடக்குத் தெற்காக ஓடுவதால், தென்மேற்குப் பருவக்காலத்தில் தெற்கே செல்லும் அதிகாலையில் மேற்கிலிருந்து வரும் காற்று வலப்புறம் தாக்கும். திரும்பிவரத் தாமதமாகிவிட்டால் கிழக்கே எழும் கடற்காற்றும் வலப்புறமே தாக்கும். இரு வழியிலும் ஒதுக்கிடம் இடப்பக்கம் விழுகிறது. எனவே பாதுகாப்பு கருதித் தார்ச்சாலையின் இடது விளிம்பை ஒட்டியே செல்லும் முதல்வர், தம்மையறியாமல் பின்னால் வருபவர்களுக்கு மறைவு கிடைக்கவேண்டிய இடத்தை மணலில் தள்ளிவிடுகிறார். பேருந்துகளும் கார்களும் கடக்கும் சாலையில் ஐரோப்பியப் பந்தயத்தைப்போல் முழு அகலத்துக்கு விரிய முடியாது. ஆனால் இடப்புறம் ஒரு மீட்டர் விட்டுக்கொடுத்து ஓட்டும் முதல்வரால் அடுத்தவருக்கேனும் மறைவு தர இயலும். அந்த ஒரு மீட்டரை விடுகிறாரா என்று கவனித்தால், அவர் காற்றை அறிந்தவரா, கிலோமீட்டரை மட்டும் அறிந்தவரா என்பது விளங்கிவிடும்.

செய்கைகளும் குரல்களும் இதன் இலக்கணம். குழியைக் கண்டவர் கையைத் தாழ்த்தி அது இருக்கும் பக்கத்தைச் சுட்டுகிறார்; நிறுத்தியிருக்கும் வாகனத்தைக் கண்டவர் கையை முதுகுக்குப் பின்னால் வீசி விலகும் திசையைக் காட்டுகிறார்; ஒவ்வொருவரும் அதைப் பின்னுக்குக் கடத்துகிறார். கடத்தாமல் விட்டவர், தாம் தப்பியதும் கடமை முடிந்தது என்று நினைத்தவர். குறிகள் அளவோடு இருக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்: ஒவ்வொரு சருகுக்கும் கை காட்டுகிறவரை நம்பி எவரும் உண்மையான குழிக்கு விலகமாட்டார்கள். இன்று ஹேண்டில்பாரில் பொருத்திய சிறு கணினி சராசரி வேகத்தையும் மிதியின் ஆற்றலையும் நொடிதோறும் காட்டுகிறது. அதனால் விளைந்த நன்மை கொஞ்சம். எண்ணைக் காப்பாற்றுவதற்காகக் கூட்டத்தைக் குலைப்பவர்கள் பெருகியது அதைவிட அதிகம். முன்னால் செல்பவரின் ஆற்றல் எண் ஒரே சீராக நிற்க வேண்டும் என்று கணினியைப் பார்த்து மிதித்தால், சிறு மேட்டில் வேகம் விழும், சிறு இறக்கத்தில் பாயும். பின்னவர்கள் விசைப்பொறிகள் அல்லர்.

மலையேற்றத்தில் இவை அனைத்தும் தற்காலிகமாக ரத்தாகின்றன. வேகம் குறைவதால் காற்றின் பங்கு சுருங்கி, உடல் எடையும் மூச்சும் தீர்மானிக்கும் கணக்கு வந்துவிடுகிறது. மறைவு பயன்படாத இடத்தில் ஒட்டி ஓட்டச் சொல்வதில் பொருளில்லை. எனவே ஏற்றத்தில் அவரவர் அளவில் ஏறி, உச்சியில் காத்திருந்து சேர்வது எங்கும் வழக்கம். இங்கேதான் பல கழகங்கள் தவறுகின்றன. முதலில் ஏறியவர்கள் ஐந்து நிமிடம் நின்று, தண்ணீர் குடித்து, காற்றில் உடல் குளிர்ந்து, கிளம்பும் பதற்றத்தில் இருப்பார்கள். கடைசியாக ஏறிவருபவர் தலை தெரிந்ததும், ‘எல்லோரும் வந்தாயிற்று’ என்று வண்டியேறுவார்கள். ஆக, ஓய்வு மிகத் தேவைப்பட்டவருக்கு மட்டும் ஓய்வு கிடைப்பதில்லை. தேர்ந்த கேப்டன் தாமே கடைசி ஆளோடு ஏறிவருவார், உச்சிக்கு வந்ததும் பஞ்சர் இல்லாத டயரை அழுத்திப் பார்ப்பார், தேவையின்றி ஒரு கியர்க் கம்பியைத் திருகுவார், அடுத்த திருப்பத்தைப் பற்றி யாரிடமேனும் விசாரிப்பார். அதற்குள் பின்னால் வந்தவரின் மூச்சு சமநிலைக்கு வந்திருக்கும்.