மூக்கைப் பார்த்து வேகம் பிடிப்பது

செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தில் பழக்கும் ஆசிரியர் ஓயாமல் சொல்வது, வேகமானியையே முறைக்காதே, வெளியே பார் என்பதுதான். எஞ்சின் மூடிக்கு மேல் தொடுவானம் எத்தனை விரல் உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து மூக்கை அங்கே நிறுத்து. த்ராட்டிலை ஓரிடத்தில் வை. வேகம் தானாக வந்து அமரும். நல்ல முறை. மூக்கை ஏற்றிய கணமே வேகம் குறைந்துவிடாது, சில நொடி பிடிக்கும். முள்ளைத் துரத்துபவர் அதற்குள் இன்னும் இழுப்பார், பிறகு தள்ளுவார், விமானம் அலைபாயும்.

சுமை மாறினால் இந்தக் கணக்கு பொய்க்கும் என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. 172எஸ் மாடலின் உச்ச எடை 2,550 பவுண்டு. ஒருவர் மட்டும் ஏறி 2,000 பவுண்டில் பறந்தால் ஸ்டால் வேகம், அதாவது இறக்கையின் தூக்குவிசை முறியும் வேகம், சுமார் 11 சதவீதம் இறங்கும், ஏனெனில் அது எடையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. அப்போதும் பழைய 65 நாட் வேகத்திலேயே இறங்கினால் விமானம் ஓடுபாதைக்கு மேல் மிதந்துகொண்டே போகும். அதே சரிவில் அதே மூக்குநிலையை வைத்தாலோ, இறக்கை எதிர்காற்றைச் சந்திக்கும் தாக்குகோணம் மாறாது. வேகம் குறைந்தாலும் ஸ்டாலுக்கு உள்ள இடைவெளி விகிதத்தில் அப்படியே இருக்கும். இங்கே எண்ணைவிட மூக்கை நம்பலாம். சுமை முன்பக்கம் குவிந்தால் வால் கூடுதலாகக் கீழே அழுத்த வேண்டும், அந்தப் பாரமும் இறக்கையின் தலையில் விழும். அதனால் ஸ்டால் வேகம் சற்றே ஏறும்.

முறை சறுக்குவது ஃபிளாப்பில். அதை இறக்கியதும் 172இன் மூக்கு முதலில் மேலே எழப் பார்க்கும். ஆனால் அதே வேகத்தில் பறக்க மூக்கு முன்னைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். தரையிறங்காமல் முழு விசை கொடுத்துத் திரும்ப எழும்போது, இறங்குவதற்கு வைத்த ட்ரிம்மே மூக்கைத் தூக்கும். கண்ணுக்கு அது பழகிய ஏறுநிலைதான். வெளியே நிற்கும் ஃபிளாப்போ வேகத்தைத் தின்றுகொண்டிருக்கும். அழுத்திப் பிடிக்காவிட்டால் வினைதான்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. மூக்கின் கோணம், பாதையின் கோணமும் தாக்குகோணமும் சேர்ந்தது. 1944இல் வெளிவந்த ‘ஸ்டிக் அண்ட் ரடர்’ நூலில் உல்ஃப்காங் லாங்கவீஷ தாக்குகோணத்துக்கு அத்தனை அழுத்தம் கொடுத்தது வீணல்ல. மேலே ஏறும்போது எஞ்சின் நின்றுவிட்டால், மூக்கைப் பிடித்தே வைத்திருப்பவருக்குக் காட்சி மாறாது. பாதை கீழே வளைகிறது, தாக்குகோணம் ஏறுகிறது. இடது இறக்கையின் முன்விளிம்புத் துளை வழியே ஸ்டால் ஊதல் ஒலிக்கும்போதுதான் அவருக்கு அது தெரியவரும். தரை அப்போது சில நூறு அடியில் இருக்கும்.