ஷல், வில்: யாருடைய மனசு?

ஆங்கிலத்தில் வருங்காலம் சொல்ல ஷல், வில் என இரண்டு துணைவினைகள் உண்டு. இரண்டையும் அடுத்து வினைச்சொல் மாறாமல் வரும். நடுவில் 'டு' கிடையாது. எதிர்மறையில் ஷான்ட், வோன்ட். அடிப்படை அவ்வளவுதான்.

ஆளை விரட்டுவது அடுத்த பாடம். தன்மைக்கு ஷல், மற்ற இடங்களுக்கு வில்; உறுதியோ கட்டளையோ என்றால் தலைகீழ். 1653இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் இதை வகுத்தவர் ஜான் வாலிஸ், கணித அறிஞர். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் படித்த தலைமுறைக்கு இது மனப்பாடம். ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் இதை மதித்ததே இல்லை. விதியை மறந்துவிடலாம், சொற்களை விட்டுவிடக் கூடாது.

ரசிக்க ஒரே கேள்வி போதும்: வாக்கியத்தில் வேலை செய்வது யாருடைய மனசு? 'ஹி வில் பே' என்றால் கொடுக்கும் மனசு அவனுடையது, அல்லது வெறும் கணிப்பு. 'ஹி ஷல் பே' என்றால் அவன் மனசை யாரும் கேட்கவில்லை; சொல்பவர் முடிவு கட்டிவிட்டார். 'யூ ஷல் ஹேவ் இட் டுமாரோ' என்பவர் நாளைக்குத் தானே பொறுப்பேற்கிறார். இனிமேல்தான் விசேஷம். கேள்வியானதும் அந்த மனசு பதில் சொல்பவரிடம் தாவிவிடும். 'ஷல் ஐ ஓபன் த டோர்?' என்றால் 'கதவைத் திறக்கட்டுமா?'. 'ஷல் ஹி வெயிட்?' என்றால் 'அவன் காத்திருக்கட்டுமா?'. தமிழின் 'அட்டும்' அப்படியே பொருந்துகிறது. 'அட்டுமா' என்று தினமும் கேட்கிறவர்கள் ஷல்லைக் கண்டு மிரள்வதுதான் எரிச்சல்.

இந்திய அரசியலமைப்பின் 52ஆம் பிரிவு குடியரசுத் தலைவர் ஒருவர் இருப்பார் என்கிறது. அங்கே இருப்பது ஷல். அது ஆரூடம் அல்ல, அந்தச் சொல்லால்தான் பதவியே உண்டாகிறது. 1942இல் பிலிப்பைன்ஸை விட்டு வந்த அமெரிக்கத் தளபதி மக்கார்தர் 'ஐ ஷல் ரிட்டர்ன்' என்றார். வாலிஸ் கணக்கில் அது வெறும் வருங்காலம். கேட்ட உலகத்துக்கோ சபதம்.

ஷல் செத்துவிட்டது, எங்கும் வில் போதும் என்பது ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளின் மோஸ்தர். அது சோம்பல். கனமாகத் தெரியட்டும் என்று அலுவலகக் கடிதமெங்கும் ஷல் தெளிப்பது அதைவிட மோசம். அமெரிக்காவின் எளிய நடைக்காரர்கள் கட்டளைக்கு மஸ்ட் போதும் என்கிறார்கள். சட்டத்துக்கு அது சரி. 'ஷல் வி கோ?' என்கிற அழைப்புக்கு மஸ்ட் உதவாது.

வில்லும் சாதுவல்ல. 'த டோர் வோன்ட் ஓபன்' என்றால் கதவே அடம்பிடிக்கிறது. 'ஹி வில் ஸ்லாம் த டோர்' என்பதில் வில்லை அழுத்திச் சொன்னால், எத்தனை முறை சொன்னாலும் அறைந்து சாத்தும் ஆள் கண்முன் நிற்பான். காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். அச்சில் இந்த அழுத்தம் பாதி தொலைந்துவிடும். சாதாரணப் பேச்சிலோ இரண்டும் 'ஐல்', 'வீல்' என்று சுருங்கிவிடும், எது எது என்று சொல்ல முடியாது. கேள்வியில் மட்டும் சுருக்க வழியில்லை: ஷல் ஐ என்று முழுதாகத்தான் கேட்டாக வேண்டும்.