மறுமுனையில் வின் மின் தான்

சனிக்கிழமை மாத்தளையில் நல்ல மழை. பார்க்கப் போன பாடசாலை ஆட்டம் பதினோராவது ஓவரில் நின்றது, பிறகு தொடங்கவே இல்லை. ஆடுகளத்தின் மேல் விரித்த படங்கில் குளம் கட்டி நிற்க, இரண்டு அணிப் பிள்ளைகளும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். ஆகவே இந்த வாரம் இந்தப் பத்தியில் ஓட்டமும் இல்லை, விக்கெட்டும் இல்லை. அன்றிரவு வீட்டில் பார்த்த ஒரு படத்தைத்தான் ஆட்டம் போல அலசப் போகிறேன். அதிலும் ஓர் இணைப்பாட்டம் இருக்கிறது. அந்த இணையில் ஒருவருக்குப் பார்ப்பவர்கள் தொடர்ந்து தவறான தீர்ப்புக் கொடுக்கிறார்கள் என்பது என் கட்சி.

படம் 1954இல் வந்த 'த பர்ப்பிள் பிளெய்ன்'. தம்புள்ளையிலிருந்து சீகிரியாவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி வேன் ஓட்டும் நண்பர் பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்தார். தலைப்பைக் கேட்டு ஊதா நிற ஏரோப்ளேன் என்று நினைத்திருந்தார். பெரியப்பாவுக்கு பிளேன் என்றால் பிளேன்டீதான். சொன்னதும் தங்கச்சி மகளைப் பார்த்துக் கோப்பையை நீட்டினார். தலைப்பில் இருப்பது இரண்டும் இல்லை, வெளி. காய்ந்து வெடித்து, அந்தியில் ஊதா நிறம் ஏறும் பர்மிய வெளி. கதையில் ஏரோப்ளேனும் வருகிறது என்பதால் நண்பருக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

கதை நடப்பது பர்மாவில், வெளிப்புறக் காட்சிகளைப் படம் பிடித்தது இலங்கையில். சீகிரியாப் பக்கம்தான் எடுத்தார்கள் என்று நண்பர் அடித்துச் சொன்னார். அவர் சீகிரியாவுக்கு வராத எதையும் ஏற்றுக்கொள்ளமாட்டார், அது வேறு கதை. ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படை சீகிரியாவில் ஓடுபாதை வைத்திருந்தது உண்மை. இன்று அது நமது விமானப் படையின் கையில். 1944இல் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்து, பேராதனைத் தாவரவியல் பூங்காவில் உட்கார்ந்துகொண்டு பர்மாப் போரை நடத்தினார். மாத்தளையில் காலை ரயில் ஏறினால் பகல் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேரக்கூடிய இடம். ஆகவே பர்மாவுக்காக இலங்கை வேஷம் கட்டியது அப்படியொன்றும் பெரிய பொய் இல்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபாரெஸ்டர் என்ற கனடிய விமானி. மணமான இரவிலேயே லண்டன் குண்டுவீச்சில் மனைவியை இழந்தவன். சாகத் துணிந்து, இல்லை, சாக ஆசைப்பட்டு விமானம் ஓட்டுகிறான். கிரெகரி பெக். முகாம் மருத்துவர் அவனைப் பக்கத்திலுள்ள மிஷன் கிராமத்துக்கு அழைத்துப் போகிறார். அங்கே அன்னா என்ற பர்மியப் பெண். நடித்தவர் வின் மின் தான். பிறகு விமானம் பற்றியெரிந்து வெளியில் விழுகிறது. மூன்று பேர், கொஞ்சம் தண்ணீர், எரிக்கும் வெயில். ஒருவனுக்கு நடக்க முடியாது. ஆற்றைத் தேடி நடக்கிறார்கள். எச். ஈ. பேட்ஸ் 1947இல் எழுதிய நாவல், எரிக் ஆம்ப்ளரின் திரைக்கதை, ராபர்ட் பாரிஷ் இயக்கம். பாரிஷ் சிறுவனாக இருந்தபோது சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' படத்தில் பேப்பர் விற்கும் பையனாக வந்தவர், பின்னால் படத்தொகுப்புக்கு ஆஸ்கார் வாங்கியவர். தொகுப்பாளர் இயக்கிய படம் என்பது தெரிகிறது. எந்த ஷொட்டும் தேவைக்கு மேல் உட்கார்ந்திருப்பதில்லை.

வீட்டில் நான்கு பேர், நான்கு தீர்ப்பு.

பெரியப்பா தோட்டத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், இளமையில் கண்டிக்குப் போய்ப் போய் இங்கிலீஷ் படம் பார்த்தவர். "பெக்கு நடிக்கிறான். அந்தப் பொண்ணு சும்மா நிக்குது. அழகா இருக்கு, அவ்வளவுதான். நடிப்புன்னு சொல்ல ஒண்ணுமில்ல." நண்பர் மண்ணை மட்டுமே பார்த்தார். மரம், பாறை, செம்மண் எது வந்தாலும் முன்னால் குனிந்து, "இந்தா, இது நம்ம பக்கம்" என்றார். நான் என் கட்சியை அப்போதே சொல்லியிருக்கலாம். தங்கச்சி மகள் இருந்தபடியால் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய தீர்ப்புதான் கடுமையானது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பெரியப்பாவின் புகார். அவருடையது மட்டுமில்லை, இந்தப் படத்தைப் பார்த்தவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் அது. வின் மின் தான் தொழில் நடிகை அல்ல. இதுதான் அவருடைய ஒரே படம். வசனம் குறைவு, சொல்கிற வசனமும் மெதுவாக வருகிறது. பெக் பக்கத்தில் நெற்றியைச் சுருக்குகிறார், எழுந்து நடக்கிறார், சிகரெட்டைத் தேடுகிறார். இவர் இருந்த இடத்தில் இருக்கிறார். ஸ்கோர் அட்டையை மட்டும் பார்த்தால் பெக் அறுபது, இவர் எண்பது பந்தில் பன்னிரண்டு.

அந்தப் பன்னிரண்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சாக ஆசைப்படுகிற துடுப்பாட்டக்காரர் ஒரு முனையில் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் நிற்பவரும் அதே வேகத்தில் ஆடினால் அணி மதியத்துக்கு முன் பவிலியனில். நிற்பவர் நிற்க வேண்டும், ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் எதிரே உள்ளவர் மூச்சு வாங்க இடம் கொடுக்க வேண்டும். வின் மின் தான் செய்வது அதுதான். பெக் தன் மனைவி இறந்ததைப் பேசும்போது இவர் முகத்தில் இரக்கத்தை வரவழைப்பதில்லை. தலையைச் சாய்ப்பதில்லை. நம்ம ஊர்ப் படமாக இருந்தால் அந்த இடத்தில் வீணை அழும். இவர் கேட்கிறார். கேட்டு முடித்த பிறகும் ஒரு விநாடி கேட்டுக்கொண்டே இருக்கிறார். இதைத்தான் பெரியப்பா "சும்மா நிக்குது" என்கிறார்.

இது ஏதோ தற்செயலாக வாய்த்தது என்பவர்கள் படத்தின் பின்பாதியைக் கவனிக்கவேண்டும். விமானம் விழுந்த பிறகு அன்னா இல்லை. வெளியில் மூன்று ஆண்கள். அவர்களில் புளோர் என்பவன் ஓயாமல் பேசுகிறான்: விமானத்தோடேயே இருப்போம், தேடி வருவார்கள், நடந்தால் செத்தோம். மொரிஸ் டென்ஹம் இதை வெளுத்து வாங்கியிருக்கிறார். முன்பாதியில் துடித்துக்கொண்டிருந்த பெக்கோ இங்கே அடங்குகிறார். சொல்லைச் சேமிக்கிறார், அசைவைச் சேமிக்கிறார், கையில் மிஞ்சிய தண்ணீரைச் சேமிப்பதுபோல. எங்கே கற்றுக்கொண்டார்? மிஷன் கிராமத்தில், அந்தப் பெண்ணின் எதிரே உட்கார்ந்து. பின்பாதி முழுவதும் பெக் ஆடுவது வின் மின் தானின் ஆட்டம். அதிகம் பேசியவன் வெளியைக் கடக்கவில்லை; கடைசியில் துப்பாக்கியைத் தன் பக்கமே திருப்பிக்கொள்கிறான். டென்ஹம் அந்தப் பாத்திரத்துக்காக பிரிட்டிஷ் திரைப்பட அகாதமி விருதுப் பட்டியலில் இடம்பெற்றார். கற்றுக்கொடுத்தவருக்கு ஒன்றுமில்லை. பேசுகிறவனுக்குத்தான் விருது என்பது நம்ம ஊர் மேடைகளில் நடக்காததா?

மற்றவர்களில் ராம் கோபாலை மட்டும் சொல்லவேண்டும். மிஸ்டர் ஃபாங் என்று சின்ன வேடம். பெங்களூரில் பிறந்தவர், தாயார் பர்மியப் பெண். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்று, ஐரோப்பா மேடைகளில் பேர் வாங்கியவர். அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு இவ்வளவு சின்ன இடம் கொடுத்தது, சுழல்பந்து வீச்சாளரை அணியில் எடுத்துவிட்டு நாள் முழுக்க எல்லையில் நிறுத்துவது மாதிரி.

இப்போது தங்கச்சி மகள். பேராதனையில் படிக்கிறாள். பாதிப் படத்தில் நிறுத்து பொத்தானை அமுக்கிவிட்டுக் கேட்டாள்: "மாமா, அவளுக்கும் போர்தானே? வீடு போயிருக்கும், ஊர் போயிருக்கும். யாராவது அவகிட்ட ஏதாவது கேட்டாங்களா? வெள்ளைக்காரனுக்கு மருந்து போடத்தான் அவள வச்சிருக்காங்க."

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மறுமுனையில் நிற்பவர் அருமையாக நின்றார் என்று நான் எவ்வளவு சொன்னாலும், பந்து ஏன் அவர் பக்கம் வரவே இல்லை என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும். கதையை எழுதியவர்களின் குறை அது. அந்த நடிகையின் வீட்டிலேயே படத்தை விடப் பெரிய போர்க்கதை இருந்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். வின் மின் தானின் கணவர் போ செட்கியா. ஆங் சானோடு சேர்ந்து ஜப்பானியரிடம் ராணுவப் பயிற்சி பெற்ற 'முப்பது தோழர்'களில் ஒருவர். பிரிட்டிஷ்காரனை விரட்ட ஜப்பான்காரனோடு கைகோத்துப் புறப்பட்ட அந்தப் படைதான் 1945 மார்ச் 27இல் ஜப்பான் பக்கமே திரும்பியது. அப்படிப்பட்டவரின் மனைவி, ஒன்பது ஆண்டு கழித்து இலங்கைக்கு வந்து, ஜப்பான்காரனுக்கு அஞ்சி ஓடி வந்த மிஷன் கிராமத்துப் பெண்ணாக, பிரிட்டிஷ் விமானியைக் காதலிக்கும் வேடத்தில் நிற்கிறார். இதைச் சொன்னதும் தங்கச்சி மகள் சொன்னாள்: "அந்தப் படத்த எடுத்திருக்கலாமே."

ஒரு விஷயத்தில் மட்டும் தயாரிப்பாளர்களுக்குக் கை கொடுக்கவேண்டும். பர்மியப் பெண்ணாக ஒரு பர்மியப் பெண்ணையே போட்டார்கள். இதிலென்ன அதிசயம் என்று இன்று கேட்கலாம். 1937இல் 'த குட் எர்த்' படத்தில் சீனத்துக் குடியானவப் பெண்ணாக வேஷம் கட்டிய லூயிஸ் ரெய்னருக்கு ஆஸ்கார் கொடுத்தார்கள். நமது படத்துக்கு மறு ஆண்டு, 1955இல், 'லவ் இஸ் எ மெனி ஸ்ப்ளெண்டர்ட் திங்' படத்தில் சீனக் கலப்பினப் பெண் மருத்துவராக வந்தவர் ஜெனிஃபர் ஜோன்ஸ் என்ற வெள்ளைக்காரி. வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதைத் திரையில் காட்டக்கூடாது என்ற அமெரிக்கத் திரைக்கட்டுப்பாட்டு விதி 1956 வரை அகலவில்லை. அந்த அச்சம் ஆசிய முகங்களையும் விட்டுவைக்கவில்லை. 1957இன் 'சயோனரா'வில் அமெரிக்கச் சிப்பாயைக் கட்டிய ஜப்பானியப் பெண்ணாக வந்து மியோஷி உமெகி ஆஸ்கார் வாங்கினார். ஆனால் கதையில் அவரும் கணவனும் தற்கொலை செய்துகொள்ள வேண்டியிருந்தது. அன்னா சாகவில்லை. இந்தவகைக் கதைகளில் அது அபூர்வமான ஸ்கோர்.

தமிழனாகப் பார்க்கும்போது இன்னொரு பள்ளம் தெரிகிறது. பர்மாவில் நம் ஆட்கள் எங்கே? செட்டியார் கடைகளும் துறைமுகக் கூலிகளும் நெல் ஆலைத் தொழிலாளர்களுமாக ரங்கூன் நிரம்பியிருந்தது. 1942இல் ஜப்பான் வந்ததும் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காடு மலை ஏறி நடந்தே போனார்கள். வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். படத்தில் மூன்று பேர் நடப்பதை உலகம் நடுக்கத்தோடு பார்த்தது. அந்த நடைக்கு யாரும் டெக்னிகலர் படம் எடுக்கவில்லை. தமிழில் 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி' ரங்கூன் தமிழ்க் குடும்பத்தோடு கதையைத் தொடங்கியது, ஆனால் அதன் கண் தமிழ்நாட்டின் மேல் இருந்தது.

நம் நாட்டுப் போருக்கு நெருங்கி வந்த படம் என்றால் பிரசன்ன விதானகேயின் 'ஒப நாத்துவ ஒப எக்க', 2012. முன்னாள் சிங்கள ராணுவச் சிப்பாய், இப்போது மலைநாட்டில் அடகுக்கடைக்காரன். அவனைக் கட்டிக்கொள்ளும் வடக்குத் தமிழ்ப் பெண் செல்வி. ஷியாம் பெர்னாண்டோவும் அஞ்சலி பாட்டிலும். அஞ்சலி அதற்காக கோவா திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கினார். 2014இல் சென்னையில் திரையிட்டபோது எதிர்ப்பு மிரட்டலால் நிறுத்தவேண்டி வந்தது. சிங்களவன் எடுத்த படம் என்பது சிலருக்குப் போதுமாக இருந்தது. அதிலும் இரண்டு பேர், அதிலும் மௌனம். ஆனால் செல்வியின் மௌனம் கேட்பதற்காக இருப்பதில்லை, கேட்க வைப்பதற்காக இருக்கிறது. புருஷன் பழைய ஆமிக்காரன் என்று தெரிந்த பிறகு அவள் அவனைப் பார்க்கும் பார்வை ஒன்று போதும். தங்கச்சி மகள் கேட்ட கேள்வியை அங்கே செல்வியே கேட்டுவிடுகிறாள். விலையும் அவளே கொடுக்கிறாள்.

நாங்கள் பார்த்த படத்தின் கடைசிக் காட்சிக்கு வருகிறேன். ஃபாரெஸ்டர் ஆற்றைக் கண்டுபிடித்துவிட்டான், தோழன் பிழைத்துக்கொண்டான். உடம்பெல்லாம் புழுதியோடு அன்னாவின் வீட்டுக்கு வருகிறான். அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். எழுப்பவில்லை. பக்கத்தில் மெதுவாகப் படுத்துக் கண்ணை மூடுகிறான். கட்டிப்பிடிப்பது கிடையாது, பாட்டு கிடையாது.

"அட, எழுப்பக்கூட மாட்டானா?" என்றார் நண்பர்.

பெரியப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "எழுப்பினா அவ நடிக்கணுமே" என்றார்.

தங்கச்சி மகள் ஒன்றும் சொல்லாமல் ரிமோட்டை எடுத்து அந்த ஷொட்டைத் திரும்பப் போட்டாள், இந்தமுறை பெக்கைப் பார்க்கவில்லை. வெளியே மழை விட்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் நடந்தால் ஸ்கோர் தருகிறேன்.