நீதி நூலகத்தில் இல்லாத குரல்

சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று மேடைதோறும் முழங்குகிறோம், ஏடுதோறும் எழுதுகிறோம். அந்தச் சமத்துவம் சட்ட நூலகத்தின் அலமாரியிலும் உண்டா? கதையையும் கவிதையையும் மட்டுமே திறனாய்வது என்ன நியாயம்? தீர்ப்புத் தொகுதிகளும் நூல்களே. நாட்டின் நினைவைச் சுமந்து நிற்பவை. அவற்றையும் தராசில் வைப்போம்.

1891-இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல் முதலான பழைய தொகுதிகளைப் புரட்டுங்கள். ஜமீன் வழக்கு, கோயில் வழக்கு, தத்து வழக்கு, பாகப்பிரிவினை வழக்கு எனப் பக்கங்கள் நீளும். உடைமை உள்ளோரின் உரிமைப் போர் அனைத்தும் அங்கே உண்டு. ஆனால், "எங்களைக் குற்றப் பரம்பரையென அறிவித்தது தவறு" என்று ஒரு சமூகம் வாதாடிய வழக்கைத் தேடுங்கள், எளிதில் அகப்படாது.

காரணம் என்ன? 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், ஒரு குடியைக் குற்றக் குடியென்று அரசு அறிவித்தால் அதனை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கலாகாது என்று விதித்தது. சென்னை மாகாணத்துக்கும் விரிந்த 1911-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தத் தடையைத் தொடர்ந்தது. வாயைக் கட்டிவிட்டு, "அவர்கள் பேசவே இல்லையே" என்பது எந்த ஊர் நீதி? வழக்கு இல்லாமைக்குக் குறை இல்லாமை பொருளாகாது. நீதிமன்றக் கதவு அடைபட்டிருந்ததால்தான், ரேகைப் பதிவை எதிர்த்துப் பெருங்காமநல்லூர் மக்கள் திரண்டு நின்றனர். 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கி விடை கூறியது. மாயக்காள் என்னும் பெண் உட்படப் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடெங்கும் 1952-இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. அந்தச் சட்டத்தின் வாசகத்தைக் காத்து வைத்தோம். அதனால் பட்டவர்களின் வாய்மொழியை எங்கே வைத்தோம்?

எங்கள் பள்ளிக்கரணை முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்து இருளரைப் பற்றி 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் எழுதியுள்ளன. மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தவர் அவர். அளந்தவர் எழுதினார், அளக்கப்பட்டவர் எழுதவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் விளைவாகப் பாம்புத்தோல் வாணிகம் நின்றது. இருளரின் பிழைப்பு தள்ளாடியது. 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சட்டத்தின் பிரிவுகள் அலமாரியில் உண்டு. இடைப்பட்ட காலப் பட்டினிக்கு அங்கே ஏடு உண்டா?

பழங்கதை இது என்று ஒதுக்கிவிடாதீர்கள், நண்பர்களே! பழங்குடிச் சான்றை ஆராயும்போது வழிபாடு, மணமுறை, ஈமச் சடங்கு முதலியவற்றையும் விசாரிக்க வேண்டும் என்று 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. அந்த ஒப்புமைச் சோதனை ஒன்றையே முடிவான உரைகல்லாகக் கொள்ளலாகாது என்று 2023-இல் அம்மன்றமே கூறியது. இடைப்பட்ட காலத்தில், அயலார் எழுதிய வருணனைக்கு ஒத்துப்போகாத பிள்ளையின் கதி என்ன? சான்று இல்லையேல் உதவித்தொகை இல்லை. கல்லூரியில் இட ஒதுக்கீடு இல்லை. அலமாரியில் உள்ள ஏடு, வகுப்பறையில் உள்ள பிள்ளையின் வாழ்வைத் தொடுகிறது.

மாற்று வழி உண்டு என்பதற்கு வாச்சாத்தி சான்று. 1992 ஜூன் 20-இல் அவ்வூர் சூறையாடப்பட்டது. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர் 269 பேர். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்த்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அதிகாரத்தின் கோப்பை வென்றது மலைவாழ் பெண்களின் சாட்சியம். கனடாவிலோ, தொல்குடிகளின் வாய்மொழி வரலாற்றுக்கும் ஆவணங்களுக்கு நிகரான மதிப்புத் தரவேண்டும் என்று 1997-இல் டெல்கமூக் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

எனவே நாம் கேட்பது பெரிதன்று. குற்றப் பரம்பரைச் சட்டம் இருக்கும் தட்டிலேயே, அச்சட்டத்தின்கீழ் வாழ்ந்தோரின் மனுக்களும் சாட்சியங்களும் வாய்மொழிகளும் தமிழில் தொகுக்கப்பட்டு இடம்பெற வேண்டும். தர்ஸ்டனை எரிக்க வேண்டாம். அவர் பக்கத்திலேயே இருளர் எழுதிய இருளர் வரலாறு நிற்கட்டும். இரண்டையும் படித்துவிட்டு நீதிபதி தீர்ப்பெழுதட்டும்.