கடலை மிட்டாயின் பதம்

கடலை மிட்டாய் நல்லதா இல்லையா என்பதை உடைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டு கை விரல்களாலும் பிடித்து லேசாக அழுத்தினால் ஒரே சத்தத்தில் முறிய வேண்டும். வளைந்துகொடுத்தால் பாகு இளகல். பொடிப்பொடியாக உதிர்ந்தால் பாகு பூத்துவிட்டது, அதாவது சர்க்கரை படிகமாகிவிட்டது. பிறகு முறிந்த இடத்தைப் பார்க்க வேண்டும். பாகு தனியே விட்டுப்போய், கடலை முழுசாகத் துருத்திக்கொண்டு நின்றால் இரண்டும் சேரவில்லை. நல்ல மிட்டாயில் பருப்பும் பாகும் ஒன்றாகவே முறிந்திருக்கும். முறிவு நெடுக வறுத்த பருப்பின் வெளிர்முகம் தெரியும். வாயில் போட்டால் முதலில் கடலை மணம் வரும், அதன் பின்னால் வெல்லம் வரும். பல்லில் ஒட்டவே ஒட்டாது.

இப்போது கடைகளில் பளபளக்கும் உறைகளில் விதவிதமான எனர்ஜி பார்கள் வருகின்றன. உறையின் பின்பக்கம் உள்ள பொருள் பட்டியல் சில சமயம் பத்து வரி ஓடுகிறது. கடலை மிட்டாய்க்கு நிலக்கடலையும் வெல்லமும் போதும். ஓவன் வேண்டாம், மாவு வேண்டாம், முட்டை வேண்டாம். ஒரு வாணலி, ஒரு கரண்டி, ஒரு பலகை இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். இதைச் செய்பவரின் திறமையை நான் ஒரே அளவுகோலால் அளக்கிறேன்: எவ்வளவு குறைந்த பாகில் எவ்வளவு கடலையைப் பிடித்து நிறுத்துகிறார்? ருசியும் உடம்புக்கான நன்மையும் ஒரே இடத்தில் கூடுவது அபூர்வம். இந்த மிட்டாயில் அவை கூடுகின்றன, அந்தக் குறைந்த பாகில்.

கோவில்பட்டியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தீப்பெட்டி, ஹாக்கி, கரிசல் இலக்கியம் ஆகியவற்றோடு அந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்த மிட்டாய். முன்பு கருப்பட்டிப் பாகில் செய்துவந்ததை 1940களில் மளிகைக்கடை நடத்திய பொன்னம்பல நாடார் கரும்பு வெல்லத்துக்கு மாற்றினார் என்பது ஊரார் சொல்லும் வரலாறு. 2020 ஏப்ரலில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ருசிக்குக் காரணம் தாமிரபரணித் தண்ணீர் என்பார்கள் அங்கே. பாகு முற்றும்போது தண்ணீர் ஏறக்குறைய முழுக்க ஆவியாகிவிடுகிறது. அதில் கரைந்திருக்கும் உப்புகள் மட்டும் தங்கும். ஆற்றுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டு, பெரும்பங்கைக் கரிசல் காட்டுக் கடலைக்கும் பாகு கிளறும் கைகளுக்கும் கொடுப்பேன். மேலே தூவும் வண்ணத் தேங்காய்த் துருவல் கடையில் பார்க்க அழகு. வீட்டில் வேண்டாம், தேங்காய் சீக்கிரம் காறிப்போய், கூடவே மிட்டாயையும் கெடுக்கும்.

நல்ல கடலை என்றால் பெரிய கடலை என்று பலர் நினைக்கிறார்கள். மிட்டாய்க்குச் சின்ன, உருண்ட, நாட்டுக் கடலைதான் பொருத்தம். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. 7 போன்ற கொத்துக் கடலைகள் இந்த வகை. எண்ணெய்ச் செறிவு மிகுந்தவை, வறுத்தால் மணம் தூக்கலாக வரும். கடலை வாங்கியதும் முதல் வேலை பொறுக்குவது. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் தயங்காமல் எறிய வேண்டும். இது ருசிக்காக மட்டும் செய்வதல்ல. 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்தாகச் செத்துப்போயின. காரணத்தைத் தேடிப் போனபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூஞ்சை உண்டாக்கிய நஞ்சு சிக்கியது. அஃப்ளடாக்சின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வறுத்தாலும் அது முழுக்க அழியாது. ஒரே ஒரு கசப்புக் கடலை வாயில் சிக்கினால் உடனே துப்பிவிடுகிறோமே, அந்த அனிச்சை சரியானது.

வறுப்பதற்கு மணலைப் போல வேறொன்று இல்லை. சூடேறிய மணல் கடலையை எல்லாப் பக்கமும் அணைத்துக்கொள்வதால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நிற்காது. வீட்டில் மணலுக்குப் பதில் கல்லுப்பைப் போட்டு வறுப்பவர்கள் உண்டு. இரண்டும் இல்லாவிட்டால் கனமான இருப்புச்சட்டியும் சின்னத் தீயும் பொறுமையும் போதும். தோல் அங்கங்கே வெடித்து, படபடவென்ற சத்தம் அடங்கிவரும்போது ஒரு கடலையை எடுத்துப் பிளந்து பார்க்க வேண்டும். உள்ளே வெளிர் பொன்னிறம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். கடலைக்குள் இருக்கும் எண்ணெய் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் இறக்கிய பிறகும் அது உள்ளுக்குள் வறுபட்டுக்கொண்டே இருக்கும். முழுப் பொன்னிறம் ஆகட்டும் என்று சட்டியிலேயே விட்டால் ஆறும்போது கசப்பு தட்டும். வறுத்த கடலை மணம் என்று நாம் மயங்குவது பெரும்பாலும் பைரசின் என்ற சேர்மங்களின் மணம். கடலையின் புரதக்கூறுகளும் சர்க்கரைகளும் சூட்டில் கூடிப் பிறப்பிப்பவை அவை. பச்சைக் கடலையில் அந்த மணம் இல்லவே இல்லை.

ஆறிய கடலையை உள்ளங்கையால் தேய்த்து, சுளகில் இட்டுப் புடைத்தால் தோல் பறந்துவிடும். தேய்க்கும்போதே பாதிக்கு மேல் இரண்டாகப் பிளந்துவிடும். பிளக்காதவற்றைப் பூரிக்கட்டையால் லேசாக உருட்டிப் பிளந்துகொள்ளலாம். முழுக்கடலை உருண்டை என்பதால் அடுக்கினால் இடையில் சந்து விழும். அந்தச் சந்தையெல்லாம் பாகுதான் நிரப்ப வேண்டியிருக்கும். பிளந்த பருப்புக்குத் தட்டையான ஒரு முகம் உண்டு. ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். கொஞ்சம் பாகு போதும், பிடித்துக்கொள்ளும். கோவில்பட்டி மிட்டாயில் உடைத்த பருப்பு நெருக்கமாக அடைந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் செய்தவர்களுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போடத் தோன்றும்.

வெல்லம் வாங்கும்போது கடைக்காரரிடம் ‘பாகு வெல்லம்’ என்றே கேட்டு வாங்க வேண்டும். உப்புக் கரிக்கும் வெல்லத்தில் எவ்வளவு நேரம் நின்று கிளறினாலும் பாகு திருந்தாது. பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைக் கண்டால் நான் விலகிப்போய்விடுவேன். அந்த நிறம் பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம் போட்டு வெளுத்ததால் வருவது. பழுப்பு வெல்லம் கண்ணுக்கு மங்கலாக இருந்தாலும் கடலைக்கு ஏற்ற ஆழம் அதில்தான் இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத இன்னொரு வசதியும் வெல்லத்துக்கு உண்டு. அதில் சுக்ரோஸோடு கொஞ்சம் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்தே இருப்பதால் பாகு எளிதில் பூக்காது. தொழிற்கூடங்களில் லிக்விட் குளுக்கோஸ் சேர்ப்பதும் இதற்காகத்தான். வீட்டுக்கு அது தேவையில்லை.

இனி பாகு. கால் கிலோ கடலைக்கு 150 கிராம் வெல்லம் போதும் என்பது என் கணக்கு. அரைக் குவளைத் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, அடுப்பில் ஏற்ற வேண்டும். முதலில் பெரிய நுரை எழும், பொங்கி வழியப் பார்க்கும். தண்ணீர் குறையக் குறைய நுரை சிறுத்து, கனத்து, சோம்பலாகக் கொப்பளிக்கத் தொடங்கும். கொப்பளிப்பின் சத்தமே மாறிவிடும். 115 டிகிரி செல்சியஸ் சுமாரில், தண்ணீரில் விட்ட சொட்டு விரலுக்கு நடுவே இளகலாக உருளும். அதற்குச் சற்று மேலே போனால் உருண்டை கெட்டிப்படும். பொரி உருண்டை பிடிப்பவர்கள் அங்கே நிறுத்திக்கொள்வார்கள். கடலை மிட்டாய்க்கு இன்னும் போக வேண்டும். 145 டிகிரியைத் தாண்டியதும் தண்ணீரில் விட்ட சொட்டு அப்படியே இறுகும். எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் போட்டால் ‘டங்’கென்று ஒலிக்கும், கடித்தால் கண்ணாடிச் சில்லு போல நொறுங்கும். அந்த ஒலிதான் பதம்.

ஆரம்பத்தில் பாகு நம்மை அலட்சியப்படுத்துவதுபோல நெடுநேரம் அதே சூட்டில் நிற்கும். கொதித்து வெளியேற்ற வேண்டிய தண்ணீர் ஏராளமாக இருக்கிறதே. கடைசிப் பங்குத் தண்ணீர் போகும்போது சூடு சரசரவென்று ஏறும். உருட்டுப் பதத்திலிருந்து முறியும் பதத்துக்கு வருவதற்குள் அடுப்பை விட்டு நகரக்கூடாது. அதற்கு மேல் சில நொடி போனாலும் வெல்லம் கருகிக் கசக்கும். வெப்பமானி வைத்திருப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் செய்யும் அளவுக்குப் பாகு சட்டியின் அடியில் விரல் கனம்கூட நிற்காது. வெப்பமானிக் கம்பியின் முனை பாகில் சரியாக மூழ்காமல் தப்பான சூட்டைக் காட்டும். கிண்ணத் தண்ணீரும் காதும் அந்தத் தப்பைச் செய்வதில்லை. நம் வீட்டுப் பெண்கள் எண் தெரியாமலேயே டிகிரி தவறாமல் பிடித்துவந்த பதம் இது. அதற்கு உரிய பாராட்டு அவர்களுக்கு இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை.

ஆறும்போது பாகு சீனிக்கற்கண்டு மாதிரி படிகமாகத் திரளாமல், ஒழுங்கில்லாத மூலக்கூறுகளோடு அப்படியே விறைத்துப்போகிறது. உண்மையிலேயே இது கண்ணாடியின் நிலை. ஓவனில் வைத்துச் சுடாமலேயே மிட்டாய் கட்டிப்படுவதன் ரகசியம் இவ்வளவுதான். அமெரிக்கர்களின் பீனட் பிரிட்டிலும் இதே வழியில்தான் நிற்கிறது. சமையல் சோடா போட்டு அதற்குள் காற்றுக் குமிழ் ஏற்றிவிடுவார்கள், கடி லேசாக இருக்கும். கிரேக்கர்களின் பஸ்தேலி எள்ளும் தேனும். தேனின் ஈரத்தை முழுக்க விரட்டாததால் அது மென்று தின்னும்படி இழுபடும். எனக்கு நம்முடைய முறிவுதான் பிடிக்கிறது. லோனாவாலா ஊரின் சிக்கி என்ற மிட்டாயின் மெலிவும் பிடிக்கும். ஆனால் கடலையை மனமார மெல்லக் கொஞ்சம் கனம் வேண்டும்.

பதம் வந்ததும் தீயை அணைத்து, ஏலக்காயோ சுக்கோ ஒரு சிட்டிகை சேர்த்து, கடலையைக் கொட்ட வேண்டும். கடலை அப்போது வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஜில்லென்ற கடலை பட்டால் பாகு அங்கேயே விறைத்து, கட்டி கட்டியாகிவிடும். பிறகு எல்லாப் பருப்பிலும் படரவைக்கக் கூடுதல் பாகு தேவைப்படும். வெதுவெதுப்பான கடலையில் பாகு மெல்லிய தோலாகப் படரும். குறைந்த பாகில் நிறைந்த மிட்டாய் செய்வதன் பாதி வித்தை இந்தச் சின்ன ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது. நெய் தடவிய பலகையில் கொட்டி, நெய் தடவிய பூரிக்கட்டையால் அழுத்தி உருட்டி, சூடு தணியும் முன்பே கத்தியால் கோடு இழுத்துவிட வேண்டும். ஆறிய பிறகு கத்தி போட்டால் மிட்டாய் தன் இஷ்டத்துக்கு உடையும்.

இந்த அளவில் செய்த 30 கிராம் துண்டு ஒன்றில் கடலை சுமார் 19 கிராம், வெல்லம் சுமார் 11 கிராம். புரதம் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு, ஆற்றல் ஏறக்குறைய 150 கலோரி. வெல்லம் மருந்து என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. தாதுச் சத்து கொஞ்சம் உண்டு, மற்றபடி அது சர்க்கரைதான். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சேர்ப்புச் சர்க்கரையை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்றது. ஒரு துண்டு தின்றால் அதில் பாதிகூட ஆகாது. பாகு ஒழுக ஒழுகச் செய்த மிட்டாயில் இந்தக் கணக்கு தலைகீழாகும். கடலையின் வலிமையைச் சந்தேகிப்பவர்களுக்கு ப்ளம்பிநட்டைச் சொல்லலாம். கடுமையான ஊட்டச்சத்துக் குறைவில் வாடும் குழந்தைகளுக்காக 1996இல் பிரான்சில் ஆந்த்ரே பிரியான், மிஷல் லெஸ்கான் இருவரும் உருவாக்கியது. கடலை விழுது, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், சத்துகள். சமைக்கவோ தண்ணீர் கலக்கவோ வேண்டாம். 92 கிராம் பொட்டலம் 500 கலோரி. உலகம் முழுதும் எத்தனையோ குழந்தைகளைத் தேற்றிய உணவின் அடித்தளம் நம் மிட்டாயில் இருக்கும் அதே கடலை.

பாகே காய்ச்ச வேண்டாம் என்பவர்களுக்குப் பேரீச்சம்பழம் இருக்கிறது. கொட்டை நீக்கி, வறுத்த கடலையும் எள்ளும் சேர்த்து இடித்துத் தட்டிவைத்தால் தானாகவே பிடித்துக்கொள்ளும். குழந்தைகளே செய்யலாம், சத்தும் குறையாது. முறிவு இல்லை என்பதால் என் நாக்கு அதோடு முழுக்க ஒத்துப்போவதில்லை. எள் மிட்டாய் வேறு விஷயம். எள்ளை வெடிக்க வெடிக்க வறுத்து, கடலைக்குச் சொன்ன பதத்துக்கு ஒரு நூல் முன்னாலேயே பாகை இறக்கினால் போதும். கறுப்பு எள்ளின் லேசான கசப்பு வெல்லத்தோடு சேரும்போது கடலை மிட்டாய்க்கே சவால் விடும்.

செய்த மிட்டாயை முழுக்க ஆறியதும் இறுக மூடும் டப்பாவில் அடைத்துவிட வேண்டும். வெல்லத்தைப் பூக்காமல் காக்கும் அதே குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி அடைமழையில் ஒரு மணி நேரம் தட்டில் திறந்துகிடந்தால் போதும், பிசுபிசுத்துவிடும். ஆகவே மழைக்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, அன்றைக்கே தின்று தீர்ப்பது நல்லது. பங்குனி, சித்திரையில் செய்தால் வாரக்கணக்கில் முறிவு மாறாமல் நிற்கும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான் தொடங்குகிறது.