துணைச் சேர்மங்களின் வரவு செலவு

1991-ஆம் ஆண்டு பிரையன் ஓரீகனும் மிகேல் கிரெட்ஸலும், டைட்டானியம் டை ஆக்சைடின் நுண்துளைப் படலத்தில் சாயத்தை ஏற்றி, அதற்கும் எதிர்முனைக்கும் இடையே அயோடின் கலந்த திரவத்தை நிரப்பி, 7 சதவீதத்துக்கு மேற்பட்ட திறனுடைய சூரிய மின்கலத்தைச் செய்து காட்டிய நாள்தொட்டு, அத்திரவத்தில் சிறிதளவு துணைச் சேர்மங்களைக் கலந்து பலனை உயர்த்தும் பிரயத்தனம் இடையறாது நடந்து வருகிறது. இதனால் பெரும் நன்மை விளைந்ததென்பதில் எனக்கு ஐயமில்லை. அந்நன்மை எதை விலையாகக் கொண்டது என்ற கணக்குத்தான் பெரும்பாலும் அரைகுறையாக நின்றுவிடுகிறது.

இவற்றுள் பிரசித்தமானது டெர்ட்-பியூட்டைல் பிரிடின். கிரெட்ஸல் குழுவினர் 1993-இல் ருத்தேனியச் சாயத்தைக் கொண்டு 10 சதவீதத்தை எட்டியபோது உறுதுணையாக நின்றது இதுவே. சாயம் மூடாது விட்ட இடங்களில் ஒட்டிக்கொண்டு, படலத்தை அடைந்த எலெக்ட்ரான்கள் திரவத்துக்குள் திரும்பித் தப்புவதை இது குறைப்பதோடு, படலத்தில் எலெக்ட்ரான்கள் உலவும் சக்தி நிலையான கடத்து பட்டையையும் உயர்த்துகிறது. கலத்தின் உச்ச மின்னழுத்தம், படலத்து எலெக்ட்ரான்களின் சக்தி நிலைக்கும் திரவத்தின் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க நிலைக்கும் உள்ள வித்தியாசமே ஆதலால், அழுத்தம் ஏறுகிறது. ஆயினும் பட்டை உயர உயர, சாயத்திலிருந்து எலெக்ட்ரானை உள்ளே செலுத்தும் உந்துதல் குன்றுவதால், அளவு மிஞ்சினால் மின்னோட்டம் இறங்குகிறது. லித்தியம் அயனியோ இதற்கு நேர் விரோதமாகப் பட்டையைத் தாழ்த்தி, ஓட்டத்தை வளர்த்து, அழுத்தத்தைத் தின்றுவிடும். இரண்டையும் ஒரே கலவையில் இட்டு, ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்டு, இறுதியில் கிடைத்த சதவீதத்தை மட்டும் அறிவிப்பது எனக்குச் சம்மதமில்லை. எந்தச் சேர்மம் எவ்வளவு உதவிற்று என்பது அங்கே புலப்படாது.

குவானிடினியம் தயோசயனேட் மட்டும் சற்றே விதிவிலக்கு. அது பட்டையைத் தாழ்த்தினாலும், எலெக்ட்ரான் இழப்பை அதனினும் மிகுதியாகத் தடுப்பதால், நிகரலாபம் அழுத்தத்திலேயே தெரியும். சாய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று திரளாமல் விலக்கி வைக்கும் பித்த அமிலங்களோ, தாமும் படலத்தில் இடம் பிடித்துச் சாயத்தின் அளவைக் குறைத்துவிடுகின்றன.

இவையெல்லாம் கலம் புதிதாயிருக்கும்போது காணும் குணங்கள். ருத்தேனியச் சாயங்களோடு சேர்ந்த பிரிடின், வெப்பம் ஏறும்போது சாயத்தோடு பிணைந்த தயோசயனேட்டை வெளியேற்றித் தானே அவ்விடத்தில் அமர்ந்துகொள்வது நிரூபணமான விஷயம். அழுத்தத்தைக் காத்த அதே சேர்மம் சாயத்தை மெல்ல உருமாற்றிவிடுகிறது என்பது, சில மணி நேரச் சோதனையில் தலைகாட்டாத நஷ்டம்.

2022-இல் லோசான் நகரத்து ஆராய்ச்சியாளர், திரவத்தில் கலக்காமல், ஹைட்ராக்சாமிக் அமில வகையொன்றைப் படலத்தின்மேல் முன்னதாகவே படியவைத்து, அதன்மேல் இரு சாயங்களை ஏற்றி 15.2 சதவீதத்தை எட்டினர். சேர்மம் நிற்கும் இடமும் ஆற்றும் தொழிலும் தெளிவாயிருப்பதால், அதன் பங்கை, அது படியாத கலத்தோடு ஒப்பிட்டு நேரே அளந்துவிட முடிகிறது. அக்கலங்கள் 500 மணி நேரம் நிலைத்து இயங்கின எனினும், கூரைமேல் இருபதாண்டு வெயிலைத் தாங்கும் சிலிக்கன் பலகைக்கு முன் அது சொற்பமே; ஆகவே, வெப்பம் மிகாத அறையொளியில் அவை காட்டிய 28.4 முதல் 30.2 சதவீதத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.